ஒரு சவரன் முனை

ஒரு சவரன் எவ்வளவு கனக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 8 கிராம். மர அம்பின் நுனியில் மாட்டும் எஃகு முனைகளில் வழக்கமான எடை 125 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம் என்பதால் 125 கிரெய்ன் 8.1 கிராம் ஆகிறது. ஆக, அம்பின் மூக்கில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஒரு சவரன். கடையில் கிடைக்கும் கனமான முனை 190 கிரெய்ன், அதாவது 12.3 கிராம். ஒன்றரைச் சவரனுக்குச் சற்றே மேல். பழைய கணக்கில் ஒரு தோலா 180 கிரெய்ன், அதையும் தாண்டிவிடுகிறது.

100, 125, 145, 160, 190 என்று ஐந்து எடைகள் வரிசையாக இருக்கின்றன. விலையும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால்தான் புதிதாக மர அம்பு வாங்குகிறவர் கையில் கனமானதை எடுத்துப் பார்த்து, "கனமான மூக்கு நேராகப் பறக்கும்" என்ற வாய்வழி வேதத்தையும் நம்பி, 190-ஐப் பொறுக்கிவிடுகிறார். கடைக்காரர் பில்லில் வராத ஒரு செலவு அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் செலவைப் பைசா பைசாவாக எழுதிப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

கணக்குக்கு ஓர் அம்பு வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துத் தென்மேற்குக் கரையிலும், அதை ஒட்டிய வடமேற்குக் கலிஃபோர்னியாவிலும் மட்டும் இயற்கையாக வளரும் போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் மரத்துத் தண்டையே எடுத்துக்கொள்கிறேன். மர அம்புக்காரர்கள் மற்ற மரங்களை அளப்பதே இதை வைத்துத்தான். நேர் இழை, குறைந்த எடை, நறுக்கினால் இஞ்சி கலந்தாற்போன்ற காரமான வாசனை. 1952-இல் இதன் தாய்க்காட்டிலேயே வேரழுகல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்த மரத்துக்குக் கஷ்டகாலம். டக்ளஸ் ஃபர், சிட்கா ஸ்ப்ரூஸ், லாட்ஜ்போல் பைன் என்று மாற்று மரங்கள் அம்புப் பட்டறைக்குள் வந்ததற்குச் சீடரின் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

தண்டின் குறுக்களவு 11/32 அங்குலம், அதாவது 8.7 மில்லிமீட்டர். நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து முனையின் பின்விளிம்பு வரை நீளம் 29 அங்குலம். வில் 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு காட்டும் நேர்வில்.

முதலில் எடை வரவு. 29 அங்குலத் தண்டின் கன அளவு 2.69 கன அங்குலம், 44 கன சென்டிமீட்டர். காற்றில் உலர்ந்த சீடரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.48 கிராம் அளவில் வரும். பெருக்கினால் 21 கிராமுக்குச் சற்று மேல், 327 கிரெய்ன். முழு எண்ணாக 330 என்று வைத்துக்கொள்வோம். பின்முனையில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் கொண்டைக்கு, வில்லாளர் மொழியில் நாக்குக்கு, 10 கிரெய்ன். ஐந்து அங்குல வான்கோழி இறகு மூன்றும் பசையும் சேர்ந்து 12. வார்னிஷ் 8. முனை இல்லாமல் மொத்தம் 360 கிரெய்ன். 125 முனையை மாட்டினால் 485 கிரெய்ன், 31.4 கிராம். ஒரு டஜனுக்கு 377 கிராம். அதில் எஃகு 97 கிராம்தான். ஒரு டஜன் அம்பின் முப்பத்தாறு இறகும் பசையோடு சேர்ந்தே பத்து கிராமைத் தொடவில்லை. பறப்பதை நேராக்கும் வேலையில் பெரும்பங்கு அந்தப் பத்து கிராமுக்குத்தான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து வேகம். இந்த வில் 485 கிரெய்ன் அம்பை வினாடிக்கு 160 அடி வேகத்தில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 பவுண்டு நேர்வில்லுக்கு நியாயமான எண். முனையை மாற்றினால் வேகம் எவ்வளவு மாறும் என்று கணிக்க, இயற்பியலாளர் பால் க்ளாப்ஸ்டெக் 1940களில் எழுதிவைத்த ஒரு எளிய வழி இருக்கிறது. வில் தன் ஆற்றலை அம்புக்கு மட்டும் கொடுப்பதில்லை. தன் கைகளையும் நாணையும் ஓடவைக்கவும் செலவழிக்கிறது. அந்தச் செலவை, அம்போடு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு பறக்கும் ஒரு கூடுதல் எடையாகக் கருதிவிடலாம். நம் வில்லுக்கு அந்த மறை எடையை 200 கிரெய்ன் என்று எடுத்துக்கொண்டால், அம்பின் எடையோடு 200-ஐக் கூட்டி, அதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக வேகம் மாறும்.

கீழே வரும் அட்டவணையில் இன்னொரு கலம் எஃப்ஓசி. அம்பைக் கத்தி விளிம்பில் வைத்துச் சமன் செய்தால் அது நிற்கும் புள்ளி, நட்டநடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை மொத்த நீளத்தின் சதவீதமாகச் சொல்வது. கடைசிக் கலம், வில்லிலிருந்து புறப்பட்ட திசைக்கோட்டுக்குக் கீழே 30 மீட்டரில் அம்பு எவ்வளவு இறங்கியிருக்கும் என்பது. காற்றுத்தடையை விட்டுவிட்டேன், உண்மையில் சற்றுக் கூடுதலாகவே இறங்கும்.

முனை (கிரெய்ன்) | அம்பு (கிரெய்ன்) | வேகம் (அடி/வினாடி) | எஃப்ஓசி (%) | 30 மீட்டரில் இறக்கம் (செ.மீ.)
100 | 460 | 163.0 | 8.8 | 179
125 | 485 | 160.0 | 10.9 | 186
145 | 505 | 157.7 | 12.5 | 191
160 | 520 | 156.1 | 13.5 | 195
190 | 550 | 152.9 | 15.5 | 203

இதைப் பார்த்தால் கனமான முனை மலிவாகத்தான் தெரிகிறது. 125-இலிருந்து 190-க்குப் போக வேகத்தில் 7 அடி போகிறது. சமநிலைப் புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் முன்னேறுகிறது. வில்லின் பார்வையிலும் லாபம்: கனமான அம்பு ஆற்றலை அதிகமாக வாங்கிக்கொள்ளும். 125-இல் 37.4 ஜூல் வாங்கிய அம்பு 190-இல் 38.7 ஜூல் வாங்குகிறது. மிச்சம் வில்லின் கைகளில் அதிர்வாகத் தங்குவது குறைவதால் சத்தமும் கொஞ்சம் அடங்கும். வில் செய்பவர்கள் இழுவிசையில் பவுண்டுக்கு 8 அல்லது 9 கிரெய்னுக்குக் குறையாத அம்பு கேட்பது வழக்கம். நம் அம்பு 100 முனையிலேயே 10.2 கிரெய்ன் தருகிறது. அந்தப் பக்கம் கவலையில்லை.

ஆனால் இந்த அட்டவணையில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஐந்து வரியிலும் தண்டு ஒன்றே என்று அது எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் மரம் தன் பில்லை நீட்டும்.

நாணை விட்ட கணத்தில் தண்டின் பின்னால் சுத்தியல், முன்னால் பட்டடை. நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது. முனை அசைய மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மரக்குச்சி வளைகிறது. முனையின் எடைக்கும் அம்பு, மறை எடை இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதத்தில் நாணின் விசை முனை வரை போய்ச் சேர்கிறது என்று கொண்டால், 45 பவுண்டில் 125 முனையைத் தள்ளத் தண்டின் வழியே போவது தோராயமாக 8.2 பவுண்டு. 190 முனைக்கு 11.4 பவுண்டு. கூடியது எடையில் 65 கிரெய்ன், வெறும் 4.2 கிராம், தண்டின் முன்பகுதி தாங்கும் அழுத்தத்திலோ 39 சதவீதம்.

வளைவது குற்றமில்லை. வளைந்தே ஆக வேண்டும். நேர்வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. நாண் பாய்வதோ நடுவை நோக்கி. விரலிலிருந்து நழுவும்போது நாண் வேறு பக்கவாட்டில் ஒரு உதறு உதறுகிறது. வில்லின் பிடியைத் தட்டாமல் சுற்றிக்கொண்டு போக அம்பு மீன்போல நெளிய வேண்டும். 1930களில் க்ளாரன்ஸ் ஹிக்மன் என்ற ஆய்வாளர் அதிவேகப் படங்களில் இந்த நெளிவைப் பிடித்துக் காட்டினார். அதன் அளவு சரியாக இருந்தால் அம்பின் வால் வில்லைத் தொடாமல் கடக்கும். அதிகமானாலும் குறைந்தாலும் வால் வில்லில் அடிபடும். அதன்பின் எந்த இறகாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இந்த வளைவுக் குணத்துக்குப் பெயர் ஸ்பைன். மர அம்புக்கு அளக்கும் முறை பழையது, எளியது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ அந்த எண்ணால் 26-ஐ வகுக்க வேண்டும். அரை அங்குலத்துக்குச் சற்று மேல், 0.52 தொய்ந்தால் 50 பவுண்டு ஸ்பைன். 0.65 தொய்ந்தால் 40. கார்பன் அம்புக்காரர்கள் வேறு இடைவெளி, வேறு எடை வைத்து அளப்பதால் அவர்கள் எண்ணை இங்கே கலக்கக் கூடாது.

மேசைமேல் அளந்த இந்த எண்ணை, பறக்கும்போது முனையின் எடை கீழே இழுத்துவிடும். மர அம்புக்காரர்களிடம் புழங்கும் வாய்ப்பாடு இது: 125-க்கு மேல் ஒவ்வொரு 25 கிரெய்னுக்கும் 5 பவுண்டு கூடுதல் விறைப்புள்ள தண்டு வேண்டும், 28 அங்குலத்துக்கு மேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 5 பவுண்டு. நீளக் கணக்கையாவது சோதித்துப் பார்க்கலாம். தொய்வு நீளத்தின் கனத்தோடு ஏறும். 29-ஐ 28-ஆல் வகுத்துக் கனம் கண்டால் 1.11. 47 பவுண்டுத் தண்டை ஓர் அங்குலம் குறுக்கினால் 52 பவுண்டுபோல நடந்துகொள்ளும். வித்தியாசம் 5. அனுபவம் சொன்ன எண்ணும் காகிதம் சொல்லும் எண்ணும் ஒத்துப்போவது, மற்ற எண்ணையும் நம்பலாம் என்ற தைரியத்தைத் தருகிறது.

நம் வில்லுக்கு 125 முனையோடு 45–50 ஸ்பைன் குழுத் தண்டு பொருத்தம். நடுவில் 47 என்று வைப்போம். 190 முனைக்கு 65 கிரெய்ன் கூடுதல். வாய்ப்பாட்டின்படி 13 பவுண்டு. 60 ஸ்பைன் தண்டு தேவை. தாங்கியில் வைத்தால் 14 மில்லிமீட்டர் தொய்ந்த தண்டுக்குப் பதில் 11 மில்லிமீட்டர் மட்டும் தொய்யும் தண்டு. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த மூன்று மில்லிமீட்டருக்கு மரம் கேட்கும் விலையைப் பார்ப்போம்.

விறைப்பைக் கூட்ட மூன்று வழிகள். முதலாவது, தண்டைக் குறுக்குவது. 13 பவுண்டுக்கு 2.6 அங்குலம் வெட்ட வேண்டும். 28 அங்குலம் இழுக்கிறவரின் 29 அங்குல அம்பில் வெட்ட இருப்பதே ஓர் அங்குலம். வழி அடைபட்டது.

இரண்டாவது, தடிமன். விறைப்பு குறுக்களவின் நான்காம் படியோடு ஏறும், எடை இரண்டாம் படியோடு. 47-ஐ 60 ஆக்க விறைப்பை 1.28 மடங்காக்க வேண்டும். குறுக்களவு 6 சதவீதம் கூடும். தண்டின் எடை 13 சதவீதம் கூடும். 330 கிரெய்ன் தண்டு 373 ஆகிறது. கடையில் அடுத்துக் கிடைக்கும் அளவு 23/64 அங்குலம், 9.1 மில்லிமீட்டர். அதே தரத்து மரத்தில் அது 56 பவுண்டு வரைதான் தரும். மிச்ச நான்கை விறைப்பான மரத்துண்டாகத் தேடிப் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது, மரத்தை மாற்றுவது. மர நூல்கள் தரும் சராசரி எண்களில், போர்ட் ஆர்ஃபோர்ட் சீடரின் நெகிழ்வுக் கெழு சதுர அங்குலத்துக்கு 17 லட்சம் பவுண்டு, ஒப்படர்த்தி (நீர் நீங்கிய மர எடையை வைத்து) 0.43. கடலோர டக்ளஸ் ஃபர் 19.5 லட்சம், 0.48. சிட்கா ஸ்ப்ரூஸ் 15.7 லட்சம், 0.40. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: 39.5, 40.6, 39.3. எனக்கு இந்த மூன்று எண்களும் வியப்புத்தான். ஒரு மரத்தைவிட இன்னொன்று உசத்தி என்று வில்லாளர்கள் இரவெல்லாம் வாதாடுவார்கள். எடைக்கு விறைப்பு என்ற தராசில் மூன்றும் ஏறத்தாழச் சமம். அதே தடிமனில் சீடரிலிருந்து ஃபருக்கு மாறினால் விறைப்பு 15 சதவீதம் கூடும். எடையும் 12 சதவீதம், அதாவது 38 கிரெய்ன் கூடும். அதே 15 சதவீத விறைப்பைத் தடிமனால் வாங்கினால் 23 கிரெய்னில் முடிந்துவிடும். ஆக, மரத்தை மாற்றுவதைவிடத் தடிமனைக் கூட்டுவது மலிவு. ஆனால் தடித்த தண்டு வில்லின் நடுக்கோட்டிலிருந்து அம்பைக் கொஞ்சம் விலக்கி உட்காரவைக்கும். அந்த விலகலுக்கும் சேர்த்து அம்பு நெளிய வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு கிளைக்கணக்கு. அந்தச் சராசரி 17 லட்சத்தை வைத்து 11/32 தண்டின் தொய்வைக் கணக்கிட்டால் 0.63 அங்குலம் வருகிறது, ஸ்பைன் 41. நாம் கேட்பதோ 47. அப்படியானால் நம் தண்டே சராசரி மரம் அல்ல, பொறுக்கியெடுத்த மரம். அதே 11/32-இல் 60 வேண்டும் என்றால் சராசரியைப்போல ஒன்றரை மடங்கு விறைப்புள்ள துண்டாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை எண்ணிக்கையில் குறையும், எடையில் ஏறும்.

இப்போது பில்லைக் கூட்டலாம். 190 முனைக்காகக் கொடுத்தது 65 கிரெய்ன் எஃகு. அதைத் தாங்க மரம் கேட்டது 43 கிரெய்ன். மொத்தம் 108. அம்பு 593 கிரெய்ன், 38.4 கிராம். வேகம் 152.9 இல்லை, 148.7. 30 மீட்டரில் இறக்கம் 203 இல்லை, 215 சென்டிமீட்டர். பழைய அம்பைவிட 29 சென்டிமீட்டர் கீழே. எல்லாவற்றையும்விட வேடிக்கை எஃப்ஓசியில். 65 கிரெய்னை முன்னால் வைத்து 15.5 சதவீதம் வாங்கினோம். அதைத் தாங்க வந்த கூடுதல் மரம் நீளம் முழுதும் பரவிக் கிடப்பதால் சமநிலைப் புள்ளியைப் பின்னுக்கு இழுத்து 14.4 ஆக்கிவிட்டது. 160 முனையில் தண்டை மாற்றாமலே கிடைத்தது 13.5. கடைசி முப்பது கிரெய்ன் எஃகும் அதன் பின்னால் வந்த மரமும் சேர்ந்து சம்பாதித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

சரி, அந்த எஃப்ஓசி என்னதான் வாங்கித் தருகிறது?

அம்பு சற்றுக் கோணலாகப் புறப்பட்டால் இறகு காற்றைப் பிடித்து வாலை நேராக்குகிறது. இறகுக்கும் சமநிலைப் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரமே நெம்புகோல். 125 முனையில் அது 14.2 அங்குலம், 190-இல் 15.5. ஒன்பது சதவீத லாபம். கனமான மூக்கைப் போற்றுகிறவர்கள் வழக்கமாக இதோடு கணக்கை மூடிவிடுவார்கள். அடுத்த வரி இருக்கிறது. முனை கனத்ததால் அம்பைத் திருப்புவதே கடினமாகிவிடுகிறது. திருப்ப எதிர்ப்பு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், அதே தண்டில் 15 சதவீதம் ஏறுகிறது. வேகம் குறைந்ததால் இறகில் படும் காற்றின் விசையும் 9 சதவீதம் குறைகிறது. முன்பாகத்தில் காற்று பட்டுக் கோணலை வளர்க்கும் விளைவு கொஞ்சம் குறைவது மட்டும் கூடுதல் வரவு. எல்லாவற்றையும் கழித்துக் கூட்டினால், ஒருமுறை ஆடி அடங்க அம்பு எடுத்துக்கொள்ளும் தூரம் இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரிரு சதவீதம் கனமானதற்கே கூடுதல்.

அதே லாபத்தை இறகில் வாங்கினால் என்ன செலவு? ஐந்து அங்குல இறகை ஐந்தரை ஆக்கினால் பரப்பு 10 சதவீதம் கூடும். எடை ஒரு கிரெய்னுக்குச் சற்று மேல். காற்றுத்தடை சிறிது ஏறும். 30 மீட்டருக்குள் எய்கிறவருக்கு அது பெரிதில்லை. ஒரு கிரெய்ன் இறகா, 108 கிரெய்ன் எஃகும் மரமுமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஏன் பலர் கனமான முனைக்கு மாறியதும் அம்பு அழகாகப் பறந்தது என்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. அவர்களிடம் இருந்தது வில்லுக்கு மீறிய விறைப்புள்ள தண்டு. 55 ஸ்பைன் தண்டை 45 பவுண்டு வில்லில் 125 முனையோடு எய்தால் அது போதிய அளவு வளையாமல் பக்கவாட்டில் உரசிப் போகும். 160 முனை மாட்டியதும் வாய்ப்பாட்டுப்படி 7 பவுண்டு தளர்ந்து, 48 போல நடக்கத் தொடங்கியது. நேரானதற்குக் காரணம் மூக்கின் கனமல்ல. தண்டு வில்லுக்கு இணங்கியதுதான். கையில் ஏற்கெனவே விறைத்த தண்டு இருந்து, அதை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்றால் கனமான முனையைவிட மலிவான மருந்து கிடையாது. விறைப்பைத் தேடிப் போய் வாங்க வேண்டியிருந்தால் அதே முனை விலையுயர்ந்த பொருள்.

இறகில்லாத ஓர் அம்பை இறகுள்ளவற்றோடு சேர்த்துப் பதினைந்து இருபது மீட்டரில் எய்து பார்ப்பதுதான் தண்டின் நாடி பிடிக்கும் வழி. வலக்கைக்காரருக்கு இறகில்லா அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு விறைப்பு. வலப்பக்கம் என்றால் தளர்வு. இடக்கைக்காரர் திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டும். விறைப்பானால் முனையில் 20, 25 கிரெய்ன் ஏற்றலாம். தளர்வானால் 100-க்கு இறங்கலாம். 5 பவுண்டு கிடைக்கும். 100-இலிருந்து 190 வரை முனை வரிசை முழுதும் கையாளக்கூடிய வீச்சு 18 பவுண்டு. மரத்தை மாற்றாமல் சில்லறையில் இவ்வளவு செய்ய முடிவதே பெரிய வசதி. முனையைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருந்தால், சிறு தீயில் முனையை மட்டும் காட்டி இடுக்கியால் முறுக்கினால் கழன்றுவிடும். தீயை மரத்துக்குக் காட்டிவிடக் கூடாது. 5 பாகைச் சரிவாகச் சீவிய அந்த மூக்கு கருகினால் அடுத்த முனை கோணலாகத்தான் உட்காரும். அம்பு பெரும்பாலும் உடைவதும் முனைக்குச் சற்றுப் பின்னால்தான்.

இறக்கத்தைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 29 சென்டிமீட்டர் என்றதும் பயந்துவிட வேண்டாம். 80 சென்டிமீட்டர் இலக்குத்தாளில் ஒவ்வொரு வளைய மதிப்பும் 4 சென்டிமீட்டர் அகலம் என்பதால் அது ஏழு மதிப்பெண் தூரம்; ஆனாலும் அது ஒருமுறை கட்டும் நுழைவுக் கட்டணம். புது அம்போடு ஒரு வாரம் பழகினால் கண் தானாக மேலே போய்விடும். ஒவ்வொரு அம்புக்கும் கட்ட வேண்டிய தொகை வேறு. தூரத்தைத் தவறாகக் கணிப்பதுதான் அது. 30 மீட்டரில் நிற்கும் இலக்கை 28 என்று நினைத்து எய்தால், 125 முனை அம்பு 12.4 சென்டிமீட்டர் கீழே போகும். 593 கிரெய்ன் அம்பு 14.3. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. வேகம் வேகம் என்று 100 முனைக்கு ஓடுகிறவர்கள் இந்த வரியைப் பார்க்க வேண்டும்: அவர்களுக்கு அதே பிழையில் மிச்சமாவது அரை சென்டிமீட்டர்.

125-ஆ 145-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு எண். பெட்டியில் "45–50" என்று எழுதி வரும் டஜனுக்குள்ளேயே 5 பவுண்டு இடைவெளி இருக்கிறது. முனை மொழியில் அது 25 கிரெய்ன். அதாவது ஒரே பெட்டியின் இரண்டு ஓரத்துத் தண்டுகளில் ஒரே முனையை மாட்டினால், ஒன்று மற்றதைவிட ஒரு முனை அளவு தளர்ந்தோ விறைத்தோதான் பறக்கும். இருபது கிரெய்ன் முனை மாற்றத்தின் விளைவு 4 பவுண்டு. அது அந்தப் பெட்டியின் இரைச்சலுக்குள் முங்கிப்போகும். ஒவ்வொரு தண்டையும் தாங்கியில் வைத்து அளந்து பென்சிலால் எண் எழுதி, ஒன்றிரண்டு பவுண்டுக்குள் ஆறு பொறுக்குவது முதல் வேலை. விறைத்த ஓரத்தில் நிற்பவற்றுக்கு 145, மற்றவற்றுக்கு 125 என்று முனையால் சமன் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் எடை 20 கிரெய்ன் வேறுபடும். 30 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் மேல் கீழ். பக்கவாட்டுப் பிழையைக் கொடுத்து உயரப் பிழையை வாங்கும் பண்டமாற்று அது.

எடைப் பொருத்தத்தில் வழக்கமான உறுதி 10 கிரெய்னுக்குள் என்பது. 10 கிரெய்ன் 0.65 கிராம், வினாடிக்கு ஓர் அடிக்குச் சற்று மேல் வேகம், 30 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குள். நகைப் பட்டறையில் பத்து மில்லிகிராம் வரை காட்டும் சிறு மின்தராசு இந்த வேலைக்குத் தாராளம். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம்.

தராசில் வைத்த எண்ணும் நிலையாக நிற்பதில்லை. மரம் காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். 65 சதவீத ஈரப்பதக் காற்றில் மரம் சுமார் 12 சதவீத நீரோடு அடங்கும். 80 சதவீதக் காற்றில் 16 சதவீதத்தை நோக்கி நகரும். 330 கிரெய்ன் தண்டுக்கு ஒவ்வொரு சதவீதமும் 3 கிரெய்ன் என்பதால் நான்கு சதவீதத்துக்கு 12 கிரெய்ன். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நீர் ஏறிய மரம் விறைப்பிலும் சிறிது தளரும். ஐப்பசி அடைமழையில் சென்னையில் தொங்கும் அம்பும், சித்திரையில் மதுரையில் தொங்கும் அம்பும் ஒரே மரத்திலிருந்து வந்திருந்தாலும் தராசில் ஒரே எண்ணைக் காட்டமாட்டா. தண்டில் பென்சிலால் எடை எழுதுகிறவர் பக்கத்தில் மாதத்தையும் குறித்துவிடலாம்.